பத்தாயம் நிரம்பினால் நெல் எங்கே போகும்?

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் மாலை வணக்கம்.

கறிக்கடையில் ஆட்டுத்தொடையை வெட்டும்போது பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சதைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடும். சைவர்கள் மன்னிக்க வேண்டும், இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த வெள்ளை, தசைக்கட்டுகளுக்கு இடையே படிந்த கொழுப்பு. நான் பேச வந்தது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கொழுப்பையும், அது சர்க்கரை நோய்க்கு வழிவிடுவதையும் பற்றி. அது தசைநாருக்கு உள்ளேயே பொடிப்பொடித் துளிகளாக இருக்கும். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரித் தெரியும்.

கிளினிக்கில் அடிக்கடி கேட்பார்கள்: "நான் ஒல்லியாத்தானே இருக்கேன் டாக்டர், எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?" நியாயமான கேள்விதான். 2004-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டு இதற்குப் பதில் சொன்னார்கள். ஒருவர் புனேயின் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் கணக்கு, ஒன்றேதான், 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2! எடை பார்க்கும் மெஷினுக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

நம் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பை ஒரு பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நெல்லைக் கொட்டி வைக்கத்தான் அது. தின்றுகொண்டே இருந்தால் ஒருநாள் நிரம்பும். அப்புறம் நெல்லைக் கூடத்திலும் அடுப்படியிலும் கொட்டவேண்டியதுதான். கூடம் என்றது தசை, அடுப்படி என்றது கல்லீரல். சிலருக்குப் பத்தாயமே சின்னது. அவர்களுக்குத் தொந்தி பெரிதாகத் தெரிவதற்கு முன்பே கூடம் நிறைந்துவிடும்.

பிறவியிலேயே பத்தாயம் இல்லாதவர்களும் உண்டு. லிப்போடிஸ்ட்ரோபி என்கிற அபூர்வ நோய் அது. தோலடிக் கொழுப்பே இருக்காது, நரம்பு புடைத்துத் தெரியும். ஆனால் கடுமையான சர்க்கரை நோய் இருக்கும். கொழுப்பே உருவாகாதபடி வளர்த்த எலிகளுக்கும் இதே கதிதான். 2000-இல் அவற்றின் தோலுக்கடியில் வேறு எலியின் கொழுப்பை எடுத்து வைத்துத் தைத்தார்கள். சர்க்கரை இறங்கியது. கொழுப்பை வைத்துத் தைத்துச் சர்க்கரையைக் குறைத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? எனக்கு இந்த ஆய்வின் மேல் தனிப் பிரியம்.

சரி, தசைக்குள் கொழுப்பு புகுந்தால் என்ன கெட்டுப்போகிறது? இன்சுலினை ஏற்றிச் சோதிக்கும்போது, உடம்பு இழுத்துக்கொள்ளும் குளுக்கோஸில் சுமார் 80 சதவீதம் தசைக்குத்தான் போகிறது. இன்சுலின் வந்து தட்டியதும் செல்லுக்குள்ளிருந்து குளூட்-4 என்னும் புரதம் மேலே வந்து குளுக்கோஸுக்கு வழிவிடும். கொழுப்பு தேங்கிய தசையில், பாதி சிதைந்தும் சிதையாமலும் கிடக்கும் டைஅசைல்கிளிசரால் போன்ற கொழுப்புச் சரக்குகள் இந்தத் தகவலை நடுவழியில் அறுத்துவிடுகின்றன. இன்சுலின் தட்டிக்கொண்டே நிற்கும், உள்ளே யாருக்கும் கேட்காது. கணையம் இன்னும் இன்னும் சுரந்து, கடைசியில் களைத்துப்போகும். குற்றவாளி டைஅசைல்கிளிசராலா, செராமைடு என்னும் வேறொரு கொழுப்புச் சரக்கா என்ற வழக்கு விஞ்ஞானிகளுக்குள் இன்னும் தீரவில்லை.

2004-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், டைப் 2 சர்க்கரை நோயாளிகளின் ஒல்லியான பிள்ளைகளைச் சோதித்தார்கள். இன்சுலினுக்கு மசியாதவர்களின் தசையில், மசிகிறவர்களைவிட 80 சதவீதம் கூடுதல் கொழுப்பு. அதை எரிக்க வேண்டிய மைட்டோகாண்ட்ரியாவின் வேலையோ 30 சதவீதம் குறைவு. இவர்களுக்கு நோய் இன்னும் வரவே இல்லை, கவனியுங்கள்.

மாரத்தான் ஓடுகிறவர்களின் தசையிலும் கொழுப்புத் துளிகள் ஏராளம். ஆனால் அவர்களுடைய தசை இன்சுலின் சொன்னால் உடனே கேட்கும். ஆராய்ச்சியாளர்களையே கொஞ்சநாள் திணறடித்த விஷயம் இது. அங்கே துளி தேங்குவதில்லை, வருகிறது, எரிகிறது, மறுபடி வருகிறது. நம் கூடத்தில் நெல் கொட்டியது கொட்டியபடி கிடக்கிறது.

இன்னொன்று. தசை சுருங்கி விரியும்போது இன்சுலின் கூப்பிடாமலே குளூட்-4 மேலே வரும். அது வேறு பாதை, சர்க்கரை நோயாளிக்கும் பெரும்பாலும் அடைபடாத பாதை. வெளியே கேசரி வாசம் வருகிறது, அதனால் முடித்துக்கொள்கிறேன். கேள்வி கேட்க நினைப்பவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தெருமுனை வரை என்னோடு நடந்து வாருங்கள், பேசிக்கொண்டே போவோம்.