மீன் வெட்ட எதற்குக் காசு?

வணக்கம். பின்னால் பஸ் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நிற்கிறேன். முன்பெல்லாம் லண்டன் தமிழ்க் கடைகளில் அறக்குளாவோ விளைமீனோ வாங்கினால் சும்மா வெட்டித் தருவார்கள். இப்போது சில கடைகளில் அதற்குத் தனிக் காசு. பகல் கொள்ளை என்று திட்டுகிறோம். எனக்கு அது கொள்ளையாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் குறைந்தபட்சக் கூலி 1999 ஏப்ரலில் வந்தது. பெரியவர்களுக்கு மணிக்கு 3.60 பவுண். 2016இல் 7.20, 2024இல் 11.44, 2025இல் 12.21, 2026 ஏப்ரலுக்கு 12.71. சரி, ஒரு மீனைச் செதில் சீவி, குடல் எடுத்து, துண்டு போட ஆறு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்கு அந்த ஆறு நிமிடத்தின் கூலி 36 பென்ஸ். இப்போது 1.27 பவுண். இந்தக் காலத்தில் பொதுவாக விலைவாசி ஏறியது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். கூலி மூன்றரை மடங்கு. ஏறட்டும், ஏற வேண்டியதுதான். ஆனால் கத்தி பிடிக்கிற கை அன்றைக்குப் போன அதே வேகத்தில்தானே போகிறது?

சூப்பர்மார்க்கெட்டுக்கும் இதே கூலிதானே என்பீர்கள். அங்கே பில் போடுகிற வேலையைக்கூட நம் தலையில் கட்டிவிட்டார்கள்! அதோடு அரிசி மூட்டை, பருப்பு, தேங்காய்ப்பால் டின் என்று தட்டில் தூக்கி வைத்தால் போதும் என்கிற சாமானையெல்லாம் அவர்களே விற்கிறார்கள். நம் கடைக்கு மிஞ்சியது என்ன? கீரையில் பழுத்த இலை பொறுக்குவது, ஆட்டிறைச்சி வெட்டுவது, இடியப்பம் பிழிவது, ரோல்ஸ் சுற்றுவது. எல்லாமே கைவேலை. கூலி ஏறினால் முதல் அடி இங்கேதான் விழும்.

இதையெல்லாம் முன்பு எப்படிச் சமாளித்தார்கள்? வீட்டு ஆட்களை வைத்துத்தான். மனைவி கல்லாவில், பிள்ளைகள் சனி ஞாயிறில் தட்டு அடுக்க. அந்த உழைப்புக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. இப்போது பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஆள் போட்டால் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நாம் பழகிப்போன மலிவு விலையில் பாதி அந்த அம்மாமாரின் சம்பளமில்லாத உழைப்பு என்றே நினைக்கிறேன்.

ஆனால் முதலாளிமார் சொல்கிற ஒரு காரணத்தை மட்டும் நான் முழுசாக நம்புவதில்லை. "நேஷனல் இன்சூரன்ஸ் ஏற்றிவிட்டான்" என்பார்கள். அதாவது, ஆட்களுக்குக் கொடுக்கிற சம்பளத்துக்கு மேலே முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி மாதிரியான காசு. உண்மைதான், 2025 ஏப்ரலில் முதலாளி கட்டுவது 13.8 சதவீதத்திலிருந்து 15 ஆனது. முன்பு ஒருவரின் வருடச் சம்பளத்தில் 9,100 பவுணுக்கு மேலே கணக்கிட்டார்கள், இப்போது 5,000க்கு மேலேயே. அப்புறம், அதே நாளில், ஒரு நிறுவனம் வருடத்துக்குக் கட்ட வேண்டிய அந்தக் காசில் தள்ளிவிடுகிற கழிவையும் 5,000 பவுணிலிருந்து 10,500 ஆக்கினார்களே, அதை ஏன் சொல்வதில்லை? குறைந்தபட்சக் கூலியில் மூன்று பேரை வைத்திருக்கிற சின்னக் கடைக்கு அந்தக் கழிவே போதும். பெரிய கடைக்காரர் புலம்பினால் நியாயம்.

வெட்டுகூலி வாங்கட்டும். அதைப் பலகையில் எழுதிப் போடட்டும். கல்லாவில் வந்து நிற்கும்போது சொல்லக் கூடாது. இப்போது கணவாய் வாங்கப் போகிறேன். காசு கொடுத்து அவர்களிடமே சுத்தம் செய்யச் சொல்வேன், அந்த மையோடு வீட்டு சிங்க்கில் மல்லுக்கட்ட என்னால் முடியாது.