காலையில் மடங்காத விரல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு அம்மா பூ கட்டிப் பிழைப்பவர். 38 வயது. விடிவதற்கு முன்பே உதிரி மல்லி வாங்கி வந்து கட்ட உட்கார்ந்தால் விரல் மடங்காது, நாரை இழுத்து முடிச்சுப் போட முடியாது. வெந்நீரில் கையை முக்கி வைத்து, ஏழு மணிக்கு மேல்தான் வேலை ஓடும். தேய்மானம் என்று யாரோ சொன்னதை நம்பி எட்டு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் கையை நீட்டியபோது பார்த்தேன். கையை மூடினால் விரல் கணுக்களுக்கு இடையில் பள்ளம் தெரிய வேண்டும் அல்லவா? இரண்டு கைகளிலும் அந்தப் பள்ளம் இல்லை. தொட்டால் கணுக்கள் மெத்தென்று இருந்தன.

அது தேய்மானம் இல்லை, முடக்குவாதம். தேய்மான வலி நடக்க நடக்கக் கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதம் நேர்மாறானது. தூங்கி எழுந்ததும் இறுக்கிப் பிடிக்கும், அசைக்க அசைக்கத்தான் விடும். காலையில் அந்த இறுக்கம் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கினால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மூட்டுக்குள் ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மூட்டு வழவழப்பாக அசைவதற்கான நீரைச் சுரப்பது அதுதான். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி அந்தச் சவ்வின் மீதே பாய்கிறது. வேலியே பயிரை மேய்கிறது. சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. அரித்த எலும்பை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. அதனால்தான் முதல் சில மாதங்களை நாங்கள் அவ்வளவு பெரிதாக நினைக்கிறோம்.

ஏன் வருகிறது? பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. புகைப்பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது. ஈறு நோய்க்கும் தொடர்பு தெரிகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ‘புளி சாப்பிட்டதாலா டாக்டர், பச்சைத் தண்ணீரில் துணி துவைத்ததாலா?’ என்று பல பெண்கள் தங்களையே நொந்துகொண்டு கேட்கிறார்கள். கேட்கவே மனம் தாங்கவில்லை. அம்மா, நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை.

சரி, மருந்துக்கு வருவோம். முதலில் நாங்கள் எழுதுவது பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் 1940களில் நடந்த ஆய்வுகளில் பிறந்த மருந்து அது. புற்றுநோய்க்காக வந்தது, பிறகு குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் கைகொடுத்தது. அமெரிக்காவில் 1988இல் இதற்கென அனுமதி பெற்றது.

இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் போட்டுக்கொண்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிருக்கே ஆபத்து. கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் அவசியம். மதுவைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள் இதைச் சாப்பிடவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வேறு மருந்து தருவோம்.

இது வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில்தான் பலர் பொறுமை இழந்து, பெயரில்லாப் பொட்டலப் பொடியிடம் போய்விடுகிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு நாங்களும் தருகிறோம், ஆனால் கொஞ்ச நாளைக்கு, அளவு பார்த்து. அளவே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும். மெத்தோட்ரெக்சேட் போதாவிட்டால் வேறு மாத்திரைகளும், எதிர்ப்பு சக்தியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் அடக்கும் ‘பயாலஜிக்’ ஊசிகளும் இருக்கின்றன.

அந்தப் பூக்கார அம்மா வெள்ளிக்கிழமையைத் தன் மாத்திரை நாளாக வைத்துக்கொண்டார். அன்றைக்கு எப்படியும் பூ அதிகம் விற்கும், மறக்காது என்றார். நான்காவது மாதம் வந்தபோது என் மேசையின் ஓரத்தில் ஒரு முழம் மல்லியை வைத்தார். நெருக்கமாகக் கட்டியிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கட்டியதாம்.