யாரு வீட்டுத் தண்ணி இது?

(தேனி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் ஒரு கிராம நூலகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கடலை கொறிக்கும் தம்பிகளே, வணக்கம்.

'இருப்பதைக் கொண்டு மகிழ்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தலைப்பின் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. கூலி உயர்த்திக் கேட்பவரிடம் முதலாளி சொல்வதும் இதைத்தானே? இருட்டோடு எழுந்து, தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து, குமுளி மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் பெண்களிடம் 'இருப்பது போதும் தாயி' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் போதுமா போதாதா என்ற பேச்சை விட்டுவிடுகிறேன். நம்மிடம் என்ன இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியுமா?

என் மதினி கடலாடிப் பக்கத்துப் பெண். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, வெயிலில் தள்ளிப்போய்த் தண்ணீர் பிடித்து வந்த வீடு. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை கொல்லைக் கதவைத் திறந்தார். ஆவணி மாதம், முதல்போக நேரம். வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் போகிறது.

"யாரு வீட்டுத் தண்ணி இது?" என்று கேட்டார்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது பாட்டுக்குப் போகுது தாயி."

மதினி நம்பவில்லை. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுத் தொட்டிக்கு, பாத்திரம் அலசியது முருங்கைக்கு என்று பிரித்து ஊற்றுவார். குடத்துக்கு மூடி போடாமல் படுக்கமாட்டார். நாங்கள் கேலி செய்வோம்.

இப்போது யோசித்தால், அம்மா சொன்னதுதான் தப்பு. அது பாட்டுக்கு விட்டால் அந்தத் தண்ணீர் மேற்கே அரபிக்கடலுக்குத்தான் போகும். சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் கொண்டு முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, ஏறத்தாழ ஒரு மைல் மலையைக் குடைந்து, 1895இல் கிழக்கே திருப்பிவிட்டார்கள். என்ஜினியர் பென்னிகுவிக் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கதை வேண்டாம். செய்த வேலையே போதும். அந்தக் காட்டில் காய்ச்சலில் செத்த கூலியாட்கள் எத்தனையோ நூறு பேர். பென்னிகுவிக் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம், நல்லது. செத்த அந்தக் கூலியாட்களில் ஒருவர் பெயராவது நம் யாருக்காவது தெரியுமா?

இன்னொன்று. அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் நமக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. அணையில் கண்ணுக்கு முன்னால் நீர் நிற்கும். சுரங்க வாய் அதைவிட மேலே இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் 14,700 ஏக்கர் சுமாருக்கு இருபோக நெல் இந்தக் கணக்கில்தான் விளைகிறது. செய்தித்தாளில் அணை மட்டம் தினமும் வருகிறது. நம்மில் பலர் தங்கம் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

நம் பள்ளத்தாக்குத் திராட்சையும் அப்படியே. சபரிமலைக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பன்னீர்த் திராட்சை வாங்குகிறார்கள். நாமோ ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்கப் போனால் காஷ்மீர் ஆப்பிள்!

இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மதினி இதோ எழுந்து போகிறார். என் பேச்சு பிடிக்காமல் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வாசல் குழாய் சொட்டுகிற சத்தம் அப்போதிருந்து எனக்கும் கேட்கத்தான் செய்தது. நீங்கள் யாராவது எழுவீர்கள் என்று நானும், நான் நிறுத்தச் சொல்வேன் என்று நீங்களும் இருந்துவிட்டோம்.

நின்றுவிட்டது. வணக்கம்.