அதிர்ஷ்டம் யாருக்கு?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களுக்கும், அரட்டையை நிறுத்திவிட்டு இப்போதுதான் மேடைப் பக்கம் திரும்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். பாருங்கள், முக்கால்வாசிப் பேர் தூக்கிவிட்டீர்கள். தூக்காதவர்களும் கவலைப்பட வேண்டாம். மேலே பல்லி விழுந்தால், காஞ்சிப் பல்லியைத் தொட்டு வந்தவரைத் தொட்டுக்கொண்டாலே போதும் என்று நம் பாட்டிமார் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கேளுங்கள்.

என் தொழில் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப் போவது. கோட்டை காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள், அருங்காட்சியகத்தில் நாற்காலி தேடுகிறவர்கள்கூட, “இதைத் தொட்டால் நல்லது நடக்குமாம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வரிசையில் முதல் ஆளாக நிற்பார்கள். அப்படி நின்றவர்களுக்கு நல்லது நடந்ததா என்று யாரும் என்னிடம் திரும்பி வந்து சொன்னதில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். இந்த இடங்களில் எல்லாம் யாருக்கோ அதிர்ஷ்டம் அடிக்கத்தான் செய்கிறது. கேட்டவருக்கு அடித்ததா என்பதுதான் கணக்கில் வருவதில்லை. அதேபோல யாரோ ஒருவர் அதற்குச் செலவும் செய்கிறார். அவரும் பெரும்பாலும் கேட்டவர் இல்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மாஸ்கோவில் ஒரு மெட்ரோ நிலையம். புரட்சிச் சதுக்கம் என்று பெயர். 1938-இல் திறந்தார்கள். நடைமேடை நெடுக, வளைவுகளின் இரு புறமும் வெண்கலச் சிலைகள். மட்வேய் மனிசர் என்ற சிற்பி செய்தவை, மொத்தம் 76. போர்வீரர், மாலுமி, விவசாயி, மாணவர் என்று சோவியத் நாடே குந்தியும் மண்டியிட்டும் உட்கார்ந்திருக்கும். அதில் ஓர் எல்லைக் காவல் வீரர், பக்கத்தில் அவருடைய நாய். அந்த நாயின் மூக்கைத் தடவிவிட்டுப் போனால் பரீட்சையில் பாஸ் என்று மாஸ்கோ மாணவர்களின் நம்பிக்கை. நாய் முழுக்கக் கருத்த பழுப்பு, மூக்கு மட்டும் தீபாவளிக்கு விளக்கிய பித்தளைக் குத்துவிளக்கு.

அது ஏன் அப்படி மின்னுகிறது? வெண்கலத்தின் மேல் காலப்போக்கில் ஒரு கருத்த படலம் படியும். பல சமயம் வார்க்கும் பட்டறையிலேயே மருந்து போட்டு அதை வரவழைத்துவிடுவார்கள். அதுதான் உலோகத்துக்குப் போர்வை. விரல் உரசலும் வியர்வையும் அந்தப் போர்வையை உரித்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் வெற்று உலோகம் பளபளக்கிறது. பளபளப்பைப் பார்த்து அடுத்தவர் கை வைக்கிறார். மறுபடி படலம் பிடிக்க நேரமே கிடையாது. ஆயிரம் விரல் பட்டால் தெரியாது. கோடி விரல் பட்டால் மூக்கின் வடிவமே மழுங்கும். நாய்க்குத்தான் நஷ்டம்.

ஆனாலும் இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். காரணம், அங்கே தடவுகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். அவசரமாக ரயிலிலிருந்து இறங்குகிற பெண், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், நடையை நிறுத்தாமல், போகிற போக்கில் ஒரு தடவு. படம் எடுப்பதில்லை. பஸ் கிளம்பும்போது கண்டக்டரின் விரல் கன்னத்துக்குப் போய்வருமே, அந்த அளவுக்குத்தான். பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணைக்காரியின் சேவலும் தேய்ந்து மின்னுகிறது. சேவலைத் தொட்டால் ஆகாது என்று சொல்கிறவர்களும் உண்டு. தொடாமலா தேய்ந்தது?

இப்போது ரோமுக்கு வாருங்கள். ட்ரெவி நீரூற்று. இங்கே கொஞ்சம் நேரம் நிற்போம், ஏனென்றால் அங்கேயும் நின்றுதான் ஆக வேண்டும், கூட்டம் அப்படி.

அதில் விழும் தண்ணீருக்கு வயது அதிகம். கி.மு. 19-இல் அக்ரிப்பா என்ற ரோமானியத் தளபதி கட்டிய கால்வாய் வழியாக ஊருக்குள் வந்த நீர். இன்று நாம் பார்க்கும் 26 மீட்டர் உயரக் கல் மாளிகையும் சிற்பங்களும் நிக்கோலா சால்வி என்ற கட்டடக் கலைஞர் வரைந்தவை. அவர் 1751-இல் இறந்துபோனார், வேலை முடிந்தது 1762-இல். வலது கையால், இடது தோளுக்கு மேலாக, நீரூற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு காசு எறிந்தால் மறுபடி ரோமுக்கு வருவீர்கள் என்பது ஐதீகம். ஏதோ ஜூலியஸ் சீசர் காலத்து வழக்கம் மாதிரி வழிகாட்டிகள் சொல்வார்கள். நானும் முகத்தை அப்படி வைத்துக்கொண்டு சொன்னவன்தான். ஆனால் 19-ஆம் நூற்றாண்டுப் பயணிகள், ஊரைவிட்டுக் கிளம்பும் முன் அந்தத் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தால் திரும்பி வருவோம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். குடிப்பது போய் எறிவது வந்தது பின்னால். 1954-இல் ஹாலிவுட்டில் இந்தக் காசை வைத்தே ஒரு படம் எடுத்தார்கள். அதற்கப்புறம் உலகமே சில்லறையோடு வந்துவிட்டது.

எங்கள் குழுவில் வந்த ஓர் அம்மா, சுருக்குப்பையைத் திறந்துகொண்டே என்னிடம் கேட்டார்: “தம்பி, நம்ம அஞ்சு ரூபா போட்டா இங்க செல்லுமா?” சாமிக்கு எல்லா நாட்டுக் காசும் ஒன்றுதானே என்று அவர் பையன் சிரித்தான். அம்மா விடவில்லை. “சாமிக்குச் செல்லும்டா, எண்ணறவனுக்குச் செல்லணுமே.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை பேரில், இதை எண்ணுகிற ஒருவன் இருப்பான் என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். குறிப்பிட்ட நாட்களில், கூட்டம் சேரும் முன், மாநகராட்சி ஆட்கள் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு நீளத் துடைப்பத்தோடு குளத்துக்குள் இறங்குவார்கள். காசையெல்லாம் வரப்பு வரப்பாகக் கூட்டி, குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். போலீஸ் காவல் உண்டு. அங்கிருந்து மூட்டைகள் காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் கழுவி, உலர்த்தி, நாடுவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூரோ. ரோம் நகரத்து ஏழைகளுக்கு இலவச உணவு, வசதியற்ற குடும்பங்களுக்கு மளிகை என்று அந்தப் பணம் செலவாகிறது. நம் அம்மாவின் ஐந்து ரூபாய் அங்கே சங்கடம்தான். வெளிநாட்டு நோட்டை மாற்றிக்கொள்ளலாம், சில்லறையைப் பணமாற்றுக் கடைகள் சீந்துவதில்லை. ஆகவே ரோமுக்குப் போனால் யூரோவையே போடுங்கள்.

ஆக, எறிந்தவர் மறுபடி ரோமுக்குப் போனாரோ இல்லையோ, ரோமில் யாரோ ஒருவருக்கு மதியச் சாப்பாடு கிடைத்துவிட்டது. 2019 தொடக்கத்தில் நகராட்சிக்கு இந்தப் பணத்தின் மேல் கண் விழுந்தது. நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று பேச்சு எழ, ஊர் கொதித்துவிட்டது. மேயரே வந்து, பழையபடி காரித்தாசுக்கே போகும் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால், ஒருவர் பல வருடங்களாகக் கோல் நுனியில் காந்தம் கட்டி விடியற்காலையில் வந்து காசு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். 2002-இல் அவர் விஷயம் பத்திரிகைகளில் நாறியது. ட்ரெவியால் நேரடியாக, சந்தேகமில்லாமல் அதிர்ஷ்டம் அடைந்தவர் என்றால் என் கணக்கில் அவர்தான்.

2024 கடைசியில் சுத்தம் செய்வதற்காகக் குளத்தை வற்ற வைத்தார்கள். வந்தவர்கள் ஏமாறக் கூடாதே என்று முன்னால் ஒரு சின்னத் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். பார்ப்பதற்கு யாரோ கால் கழுவ வைத்த தொட்டி மாதிரி. உலகமே கேலி செய்தது. கேலி செய்துகொண்டே காசும் போட்டது!

மிலான் நகரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மேடையில் விரிவாகச் சொல்லவும் முடியாது. விட்டோரியோ இமானுவேலே வளாகம் என்று கண்ணாடிக் கூரை போட்ட அழகான கடைவீதி. அதன் நடுவே தரையில் துரின் நகரத்துச் சின்னமான காளையை வண்ணக் கல் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் காளையின்… ஆண்மைக்குரிய இடத்தில் குதிகாலை ஊன்றி மூன்று சுற்றுச் சுற்றினால் யோகம். சுற்றிச் சுற்றி அந்த இடத்தில் குழியே விழுந்துவிட்டது. அவ்வப்போது புதுக் கல் பதிக்கிறார்கள். மறுபடி குழி விழுகிறது. பாவம், காளை. இந்த வளாகத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஜுசெப்பே மெங்கோனி, 1877 டிசம்பர் 30-ஆம் தேதி, வேலை முடியும் தறுவாயில், அதே கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்து இறந்தார். வழிகாட்டிகள் காளையைக் காட்டுவார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள். வியாபாரம் கெட்டுவிடுமே.

செலவு என்றேனே, அதற்குப் பாரிஸ்தான் உதாரணம். சேன் நதி மேல் போன் தேஸ் ஆர் என்று ஒரு நடைபாலம். காதலர்கள் பூட்டில் பெயர் எழுதி, கம்பிவலைக் கைப்பிடியில் பூட்டி, சாவியை ஆற்றில் எறிந்தால் காதல் பிரியாது என்று ஆரம்பித்தார்கள். பழைய வழக்கமெல்லாம் இல்லை, இந்த நூற்றாண்டுச் சரக்கு. 2014 ஜூனில் பாரம் தாங்காமல் கைப்பிடியின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. மறு ஆண்டு ஜூனில் மொத்தத்தையும் கழற்றினார்கள். கிட்டத்தட்ட பத்து லட்சம் பூட்டுகள், 45 டன் எடை. அடியில் படகு போகிற பாலம் அது. காதல் பிரியாமல் இருப்பதற்காகக் கீழே போகிறவன் தலையில் இரும்பைத் தொங்கவிடுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. குழுவில் புதுமணத் தம்பதிகள் பூட்டோடு வந்தால், பூட்டைப் பெட்டிக்குப் போடச் சொல்லிவிடுவேன். திரும்பும்போது விமான நிலையத்தில் பயன்படும்.

அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. 2017-இல் பாரிஸ் நகராட்சி அந்தப் பூட்டுகளில் ஒரு பகுதியைக் கொத்துக் கொத்தாக ஏலம் விட்டது. சுமார் இரண்டரை லட்சம் யூரோ சேர்ந்தது. அகதிகளுக்கு உதவும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். பூட்டியவர்களில் எத்தனை பேர் இன்னும் சேர்ந்திருக்கிறார்களோ, வீடிழந்து வந்த சிலருக்கு அந்தப் பூட்டால் ஒதுங்க இடம் கிடைத்திருக்கும்.

ஹாங்காங்கில் லாம் ட்சுவென் என்ற பள்ளத்தாக்குக் கிராமத்தில் ஓர் ஆலமர வகை வேண்டுதல் மரம். காகிதத்தில் பெயரையும் வேண்டுதலையும் எழுதி, ஆரஞ்சுப் பழத்தோடு கட்டி மரத்தின் மேல் எறிய வேண்டும். கிளையில் மாட்டினால் பலிக்கும். கீழே விழுந்தால், ரொம்ப ஆசைப்பட்டுவிட்டாய் என்று அர்த்தமாம். என்ன ஒரு நாசூக்கு! 2005 பிப்ரவரியில், சீனப் புத்தாண்டுக் கூட்டத்தில், ஒரு கிளை முறிந்து விழுந்து ஒரு முதியவரும் சிறுவனும் காயப்பட்டார்கள். அதோடு உயிருள்ள மரத்தில் எறியத் தடை. இப்போது செயற்கை மரம், பிளாஸ்டிக் ஆரஞ்சு. நிஜ மரம் பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது. “பிளாஸ்டிக் மரத்துக்கு என்ன சக்தி?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, இவ்வளவு புத்திசாலித்தனமான சமரசம் வேறெங்கும் நடந்ததில்லை என்றே படுகிறது. வழக்கமும் பிழைத்தது, மரமும் பிழைத்தது.

தோக்கியோவில் கோதோக்குஜி கோவில் என்றால் வெள்ளைப் பூனைப் பொம்மைகள். மழைக்கு ஒதுங்கிய பிரபு ஒருவரைக் கோவில் பூனை கையசைத்து உள்ளே கூப்பிட்டதாகவும், அவர் நின்றிருந்த இடத்தில் இடி விழுந்ததாகவும் 17-ஆம் நூற்றாண்டுக் கதை. கடைகளின் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பூனை கையில் பொற்காசு வைத்திருக்கும். இந்தக் கோவில் பூனையிடம் காசு கிடையாது. வாய்ப்பைத்தான் பூனை கொண்டுவரும், பலன் உன் கையில் என்று கோவிலே சொல்லிவிடுகிறது. நேர்மையான பூனை.

வெளிநாட்டுக் கதையாகவே சொல்கிறாயே, நம்ம பக்கம் என்ன யோக்கியம் என்று முன்வரிசை ஐயா முகத்திலேயே கேட்கிறார். வருகிறேன் ஐயா. திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முழுகிவிட்டு, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். சனி பிடித்ததைக் கழற்றிப் போட்டாயிற்று. ஈரத் துணியை அள்ளுகிறவர் யார்? அவருக்குச் சனி இல்லையா? இதை ஒருதடவை பஸ்ஸில் கேட்டேன். திரும்பும் வழி முழுக்க என்னோடு யாரும் பேசவில்லை.

பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் தல்ஹன் கிராமத்து குருத்வாராவில், வெளிநாடு போக வேண்டும் என்பவர்கள் பொம்மை விமானம் காணிக்கை வைத்து வந்தார்கள். வாசலில் அதற்கென்றே கடைகள் இருந்தன. கனடா கனவில் குவிந்த விமானங்களைக் கோவில்காரர்கள் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். சீக்கிய மதத் தலைமை 2023-இல் இது நம் நெறிக்கு ஒவ்வாது, வேண்டாம் என்று சொன்னது. நெறிப்படி அது சரியாகத்தான் இருக்கும். எனக்குப் பொம்மை கிடைத்த பிள்ளைகளை நினைத்துத்தான் வருத்தம்.

ஹைதராபாத் பக்கத்தில் உஸ்மான் சாகர் ஏரிக்கரையில் சில்கூர் பாலாஜி. விசா பாலாஜி என்றால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அங்கே உண்டியல் கிடையாது, சிறப்புத் தரிசனச் சீட்டும் கிடையாது. பணக்காரரும் மாணவரும் ஒரே வரிசை. வேண்டிக்கொண்டு 11 சுற்று. நடந்துவிட்டால் திரும்பி வந்து 108 சுற்று. எண்ணிக்கை தவறாமல் இருக்கக் கட்டம் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டுக்கொண்டே எல்லோரும் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள்.

அங்கே தூண் ஓரமாக ஒரு சென்னை அம்மா, கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். அட்டையில் பாதிதான் முடிந்திருந்தது. எதற்கு வேண்டுதல் என்று விசாரித்தேன். மகனுக்கு அமெரிக்க விசா வந்துவிட்டதாம், டல்லாஸ் போய்ச் சேர்ந்துவிட்டானாம், அவனுக்கு லீவு கிடைக்காததால் 108-ஐ இவர் சுற்றுகிறாராம்.

“கிடைச்சது அவனுக்கு, சுத்தறது நான்” என்று சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து அறுபத்து மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பினார்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். நன்றி, வணக்கம்.