கேட்கும் கருவிக்கு முன் ஒரு தணிப்பான்

நேயர்களுக்கு வணக்கம். கணினியுடன் இணைத்து, மென்பொருளின் துணையால் வானொலி அலைகளைக் கேட்கும் எஸ்.டி.ஆர். ஏற்பிகள் இன்று பலரிடம் இருக்கின்றன. எங்கோ தொலைவில் எழும் மெல்லிய அலையையும் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட அந்தக் கருவியோடு சோதனை அலைகளை உண்டாக்கும் சிக்னல் ஜெனரேட்டரையோ வாக்கி டாக்கியையோ கேபிளால் நேரடியாகப் பிணைப்பது, முணுமுணுப்பைக் கேட்கக் காதைத் தீட்டி நிற்பவரின் செவியருகே ஒலிபெருக்கியை அலறவிடுவதற்கு ஒப்பானது.

நானும் ஒரு நண்பரும் பல ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ அந்தத் தவற்றைச் செய்தோம். 5 வாட் வாக்கி டாக்கிக்கும் ஏற்பிக்கும் நடுவே 30 டெசிபெல் அட்டெனுவேட்டர், அதாவது தணிப்பான், ஒன்றைப் பொருத்திவிட்டு, அதுவே போதும் என்று நம்பிப் பேசும் பொத்தானை அழுத்தினோம். புகை எழவில்லை, கருகிய வாடையும் இல்லை. திரையில் அலைகள் வழக்கம்போல் ஓடின. அருகிலுள்ள நிலையங்கள் கேட்டன, மெலிந்த நிலையங்கள் மட்டும் மறைந்துபோயின. மெல்லிய அலைகளை முதலில் பெருக்கித் தரும் ஏற்பியின் முன்பெருக்கி பழுதாகிவிட்டது என்பதை உணராமல், பல நாட்கள் ஆண்டெனாவையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். ஏற்பி முழுவதுமாக நின்றுபோயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பாதி செவிடானதால்தான் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 30 டெசிபெல் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 வாட் அதன்பின் 5 மில்லிவாட் ஆகும். ஹேக்ஆர்எஃப் ஒன் என்னும் ஏற்பிக்கு உச்சவரம்பாகக் குறிக்கப்பட்டிருப்பது மைனஸ் 5 டிபிஎம், அதாவது ஒரு மில்லிவாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆக, தணித்த பின்னும் அந்த வரம்பைப் போல் சுமார் 16 மடங்கு மிஞ்சுகிறது. இன்னொரு 30 டெசிபெல் சேர்த்தால் 5 மைக்ரோவாட்டாகக் குறைந்து, அச்சம் நீங்கும். ஆனால் வாக்கி டாக்கியை ஒட்டியுள்ள முதல் தணிப்பான் அந்த 5 வாட் வெப்பம் முழுவதையும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2 வாட்டுக்கு உரியதை அங்கே வைத்தால் அது கருகக்கூடும், கருகிய தணிப்பான் எவ்வளவை உள்ளே விடும் என்று எவராலும் உறுதி கூற முடியாது. ஆகவே, மீண்டும் சொல்கிறேன், கேபிளை எடுப்பதற்கு முன் கணக்கை எழுதிப் பாருங்கள். கேபிளே இல்லாமல், வாக்கி டாக்கியை டம்மி லோடில், அதாவது ஆண்டெனாவுக்குப் பதிலாக நின்று ஆற்றலை வெப்பமாக மாற்றும் சுமையில், பொருத்திவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு சிறு ஆண்டெனாவால் கேட்பதையே நான் பெரிதும் விரும்புகிறேன்.

நேரம் நெருங்கிவிட்டதால் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேபிளில் டி.சி. மின்னழுத்தம் வர வாய்ப்பிருந்தால், அதைத் தடுத்து அலைகளை மட்டும் விடும் டி.சி. பிளாக் ஒன்றை இடையில் வையுங்கள். ஆண்டெனா கேபிள் வழியே வெளியே மின்சாரம் அனுப்பும் ஏற்பியின் பயஸ் டீ அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெவ்வேறு மின்வழங்கிகளில் இயங்கும் இரு கருவிகளின் உலோக உறைகளை முதலில் ஒரு கம்பியால் இணைத்துவிட்டு, பிறகு கேபிளைச் செருகுங்கள். ஜெனரேட்டரை மிகக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்கி, திரையைப் பார்த்தபடியே சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கேபிளைக் கழற்றும்போதும் முதலில் ஜெனரேட்டரின் வெளியீட்டை நிறுத்துங்கள். வணக்கம்.