அமெரிக்காவில் கோயில், சர்ச், தமிழ்ப் பள்ளிக்குப் பாதுகாப்பு மானியம்: டிரில் எடுக்கும் முன் இதைப் பாருங்க!

[திரையில்: செங்கல் சுவர், டிரில் மெஷின்]

கேமரா மாட்டச் சுவத்துல துளை போடுறீங்க. அனுமதிக் கடிதம் வர்றதுக்கு முன்னாடி போட்டா, அந்த வேலைக்கு வரவேண்டிய மானியம் மொத்தமா போயிடலாம். மானியம்னா சின்னத் தொகை இல்ல. 2024 சுற்றுல ஒரு இடத்துக்கு 2,00,000 டாலர் வரைக்கும் கேட்க முடிஞ்சது.

வணக்கம். இன்னைக்குப் பேசப்போறது என்.எஸ்.ஜி.பி., அதாவது நான்ப்ராஃபிட் செக்யூரிட்டி கிராண்ட் ப்ரோக்ராம். லாப நோக்கில்லாத அமைப்புகளோட கட்டடப் பாதுகாப்புக்கு, அமெரிக்க அரசோட அவசரகால மேலாண்மை அமைப்பான ஃபீமா தர்ற மானியம். 2020ல மொத்த ஒதுக்கீடு 9 கோடி டாலர், 2024ல 45 கோடியைத் தாண்டிடுச்சு. 2012ல ஓக் க்ரீக் குருத்வாராவுல துப்பாக்கிச் சூடு, 2018ல பிட்ஸ்பர்க் யூத ஆலயத்துல துப்பாக்கிச் சூடு. ஏன் இவ்வளவு பணம்னு கேட்டா, இந்த ரெண்டு இடத்தைச் சொன்னாலே போதும்.

501(சி)(3) தகுதி வேணும், அதாவது வரிவிலக்கு உள்ள லாப நோக்கில்லாத அமைப்பா இருக்கணும். ஃபீமாவுக்கு நேரா மனு போட முடியாது, உங்க மாநிலத்துல இதுக்குன்னு இருக்கிற நிர்வாக அலுவலகம் வழியாத்தான் போகணும். அவங்க கடைசித் தேதி ஃபீமா தேதிக்கு முன்னாடியே வந்துடும். இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஒரு முகவரிக்கு ஒரு மனு, தபால் பெட்டி எண் செல்லாது.

[திரையில்: மனுப் படிவம்]

மனுவோட உயிர், பலவீன மதிப்பீடு. "எங்களுக்கு 16 கேமரா வேணும்"னு ஆரம்பிச்சா மதிப்பெண் விழாது. "கிழக்குக் கதவோட கீல் வெளிப்பக்கம் இருக்கு, பின்னைத் தட்டினா கழண்டு வந்துடும், அந்தக் கதவு நேரா குழந்தைகள் வகுப்புக்குப் போகுது, அதனால இந்தக் கதவை மாத்தணும்"னு எழுதணும். பலவீனம், அதனால என்ன ஆகும், அதுக்கு எந்தப் பொருள், இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு கோத்து வரணும். மதிப்பீட்டுல இல்லாத பொருளைப் பட்ஜெட்ல சேர்த்தா, படிக்கிறவருக்கு உடனே தெரிஞ்சிடும். சிசாங்கிற கூட்டாட்சிப் பாதுகாப்பு அமைப்போட ஆலோசகர்கள் இலவசமாவே வந்து கட்டடத்தைப் பார்த்துச் சொல்வாங்க.

சரி, எதைக் கேட்கலாம்? எல்லாரும் முதல்ல கேமராவுக்குத்தான் போறாங்க. என் கருத்து, கதவும் கண்ணாடியும்தான் முதல்ல. கேமரா நடக்கிறதைக் காட்டும், யாரையும் நிறுத்தாது. போலீஸ் வந்து சேர்ற வரைக்கும் உள்ள நுழைய விடாமத் தாமதப்படுத்துற பொருள்தான் உயிரைக் காப்பாத்தும்.

[திரையில்: கண்ணாடிக் கதவு, நெருக்கக் காட்சி]

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது பாதுகாப்பு ஃபிலிம். கண்ணாடி மேல ஒட்டுற பிளாஸ்டிக் தாள். பலர் போடுறது 8 மில் தடிமன். மில்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, அதனால இது வெறும் 0.2 மில்லிமீட்டர். இது துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது, அப்படிச் சொல்லி விக்க வந்தா நம்பாதீங்க. கண்ணாடி உடைஞ்சாலும் கொட்டாமப் பிடிச்சு வைக்கிறதுதான் இதோட வேலை. கார் முன்கண்ணாடி கல்லடி பட்டா விரிசல் விடும், ஆனா நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் அதை விழ விடாது இல்லையா, அதே தத்துவம். கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறக்க ஒரு ஓட்டை போடணும்னாலும் திரும்பத் திரும்ப அடிக்கணும்.

இங்க ஒரு பெரிய தப்பு நடக்குது. கதவுகள்ல இருக்கிறது பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடி. அது உடைஞ்சா மொத்தமா பொடிப்பொடியாகும். ஃபிலிமைக் கண்ணாடியில மட்டும் ஒட்டி விட்டிருந்தா, அந்தப் பொடியெல்லாம் ஃபிலிமோட சேர்ந்து ஃபிரேமை விட்டு முழுசா வெளிய வந்துடும். ஒரே உதை, கதவுல ஆள் நுழையற ஓட்டை! அதனால ஃபிலிமோட ஓரத்தை ஸ்ட்ரக்சுரல் சிலிக்கோன்ங்கிற பலமான பசை வெச்சு ஃபிரேமோட பிணைக்கணும். கொட்டேஷன்ல இந்த வரி இருக்கான்னு பாருங்க. விலை குறைவான கொட்டேஷன்ல விட்டுப் போறது பெரும்பாலும் இதுதான். பூட்டு பலவீனமா இருந்தா ஃபிலிம் போட்டும் பிரயோஜனமில்ல, ரெண்டையும் சேர்த்தே கேளுங்க.

[திரையில்: கேமராக்கள்]

கேமரா வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஹிக்விஷன், தாஹுவா, ஹைடெரா, ஹுவாவே, இசட்.டி.இ. நிறுவனங்களோட கண்காணிப்புக் கருவிகளைக் கூட்டாட்சி மானியப் பணத்துல வாங்கக் கூடாது. 2019 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தோட 889வது பிரிவு சொல்லுது, மானியங்களுக்கு 2020 ஆகஸ்ட் 13லிருந்து அமல். வேற பேர் ஒட்டி விக்கிற கேமராவுக்குள்ளயும் அதே நிறுவனத்தோட சாதனம் இருக்கலாம். அதனால உள்ள இருக்கிறது யார் தயாரிப்புன்னு மாடல் எண்ணோட எழுத்துல வாங்கிக்கோங்க.

இப்ப அந்த டிரில் விஷயம். மானியம் கிடைச்சாச்சுன்னு கடிதம் வந்தாலும் வேலையைத் தொடங்கக் கூடாது. சுற்றுச்சூழல், வரலாற்றுப் பாதுகாப்பு ஆய்வுன்னு ஒண்ணு பாக்கி இருக்கு, முதல்ல சொன்ன அனுமதிக் கடிதம் அது முடிஞ்சாத்தான் வரும். கட்டடம் எந்த வருஷம் கட்டினது, எங்கெங்க துளை, வேலிக்கு எவ்வளவு ஆழம் தோண்டணும், இதையெல்லாம் போட்டோவோட அனுப்பணும். 45 வருஷத்துக்கு மேல பழைய கட்டடம்னா, மண்ணைத் தோண்டுற வேலைன்னா, இன்னும் நேரம் எடுக்கும். வாடகைக் கட்டடம்னா உரிமையாளரோட எழுத்து அனுமதியும் வாங்கிடுங்க.

பணம் முன்கூட்டி வராது. நீங்க செலவு பண்ணி, பில்லும் பணம் கட்டின ஆதாரமும் காட்டினப்புறம்தான் திருப்பித் தருவாங்க. ஒன்றரை லட்சம் டாலர் வேலைக்குக் கையில காசு இல்லாத அமைப்பு, கதவுகளை முதல் கட்டமாவும் கேமராவை அடுத்த கட்டமாவும் பிரிச்சுக்கலாம். முதல் கட்டப் பணம் திரும்பி வந்ததும் அடுத்ததைத் தொடங்குங்க.

கடைசியா, நிறைய பேர் மாட்டிக்கிற விதி. வேலையோட விவரக்குறிப்பை எழுதிக் கொடுத்த கான்ட்ராக்டர், அதே வேலைக்கு ஏலம் கேட்கக் கூடாது. "நானே இலவசமா எழுதித் தர்றேன்"னு ஒரு கேமரா கம்பெனிக்காரர் வந்தா, நன்றி சொல்லி அனுப்பிடுங்க. குறிப்பை வேற ஆள் எழுதட்டும், அந்தக் கேமரா கம்பெனிக்காரர் மத்தவங்களோட போட்டியில கலந்துக்கட்டும்.

மனுவுக்கு உங்க அமைப்போட அடையாள எண்ணான 12 எழுத்து யு.இ.ஐ. வேணும். அரசோட சாம் டாட் கவ் (SAM.gov) தளத்துல அது இலவசம், அதுக்குக் காசு கேட்கிற மின்னஞ்சலை நம்பாதீங்க. இன்னைக்கே அதைப் பதிவு பண்ணிட்டு, உங்க கோயில் கமிட்டி, பள்ளி நிர்வாகக் குழு வாட்ஸ்அப்ல இந்த வீடியோவைப் போடுங்க. படிவத்துல எந்தக் கேள்வியில சிக்கினாலும் கமென்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோவுல அதையே வரி வரியா நிரப்பிக் காட்டுறேன்.