பேட்டரி அறை சொல்லும் வயது

வணக்கம் நேயர்களே. போன மாதம் எங்கள் புளோக்கில் இருக்கும் ஓர் அக்கா, துண்டில் சுற்றிய பழைய ரேடியோ ஒன்றைக் கொண்டு வந்தார். "தம்பி, இது ஜப்பான்காரன் நம்மை ஆண்ட காலத்து ரேடியோ. அப்பா கம்பத்து வீட்டில் ஒளித்து வைத்துக் கேட்டாராம்" என்றார்.

பேட்டரி ரேடியோ என்றால் நான் முதலில் பேட்டரி அறையைத்தான் திறப்பேன். வெளிப்பெட்டியை நம்ப மாட்டேன். பெட்டியை மாற்றியிருக்கலாம், சாயம் பூசியிருக்கலாம். பேட்டரி இணைப்பு அவ்வளவு எளிதில் மாறாது.

வால்வு என்ற கண்ணாடிக் குழாய்களில் ஓடும் பழைய ரேடியோவுக்கு இரண்டு விதமான மின்சாரம் வேண்டும். வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்க ஒன்றரை அல்லது 2 வோல்ட். அதோடு 90 வோல்ட் போல ஓர் உயர் அழுத்த பேட்டரி. அந்த இழை எத்தனை வோல்ட் என்பதை வால்வின் பெயரே சொல்லிவிடும். ஐரோப்பிய வால்வு என்றால் முதல் எழுத்தைப் பாருங்கள். 'கே' என்றால் 2 வோல்ட். 1930களில் வந்த இந்த வகைக்குச் சார்ஜ் ஏற்றும் ஈய பேட்டரி தேவைப்பட்டது. 'டி' என்றால் 1.4 வோல்ட், உலர்ந்த பேட்டரியே போதும். 'டிகே 96' போன்றவை 1950களில் வந்தவை.

அக்காவின் ரேடியோவில் வால்வே இல்லை. 9 வோல்ட் பேட்டரிக்கான இணைப்பும், அவரை விதை அளவில் 'ஓசி 44', 'ஓசி 45' என்ற டிரான்சிஸ்டர்களும்தான் இருந்தன. வால்வுக்குப் பதிலாக வந்த, ஜெர்மேனியம் என்ற தனிமத்தில் செய்த சிறு பாகங்கள் அவை. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதே 1947 டிசம்பரில். கடைக்கு வந்த முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ, அமெரிக்காவின் ரீஜென்சி டிஆர்-1. அது 1954இல்தான் வந்தது, 22.5 வோல்ட் பேட்டரியில் ஓடியது. அப்படியிருக்க, ஜப்பான்காரன் ஆண்ட 1942இல் இந்த ரேடியோவை யார் ஒளித்து வைத்திருக்க முடியும்?

சொன்னதும் அக்காவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது. அப்பா சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் ஒளித்து வைத்தது வேறொரு ரேடியோவாக இருக்கலாம்.

சரி, இது எந்த ஆண்டு? அலைவரிசைத் தட்டில் 'கிலோ சைக்கிள்' என்று இருந்தது. இன்றைய கிலோ ஹெர்ட்ஸின் பழைய பெயர் அது. ஹெர்ட்ஸ் என்ற பெயர் 1960இல் உலக அளவில் ஏற்கப்பட்டாலும், தட்டுகளில் பழைய பெயர் இன்னும் சில ஆண்டுகள் நீடித்தது. அதனால் 50களின் கடைசி முதல் 60களின் நடுப்பகுதி வரை என்று மதிப்பிட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் காகிதத்தை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். வால்வு, டிரான்சிஸ்டர் வரிசை பெரும்பாலும் அதில்தான் அச்சாகியிருக்கும். பேட்டரி கசிந்திருந்தால் அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அந்த உப்பு, செம்புக் கம்பியை அரித்துக்கொண்டே போகும்.

அப்புறம், பின்மூடியின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். அக்காவின் ரேடியோவில் அங்கே பென்சிலால் தேதிகள் வரிசையாக எழுதியிருந்தன. பேட்டரி மாற்றிய நாட்கள். முதல் தேதி 1961. மூடியைக் கையில் வாங்கிப் பார்த்த அக்கா, "இது அப்பா கையெழுத்து" என்றார்.